'காருதான் சும்மா நிக்குதே, ஆயில் எதுக்கு மாத்தணும்?' - 10,000 கி.மீ. கணக்கில் நாம் மறக்கும் இன்னொரு பாதி

காரை சர்வீஸுக்கு விடும் பேச்சு வந்தாலே நம்மில் பலர் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். '10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தினாப் போதும், நம்ம வண்டி இன்னும் 4,000கூட ஓடலியே' என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுகிறோம். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதமாகிறது.

ஆனால், காருடன் வந்த கையேட்டில் அந்த வரி அங்கே முடிவதில்லை. இந்தியாவில் விற்கும் பல பெட்ரோல் கார்களுக்கு, '10,000 கி.மீ. அல்லது 12 மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அது' என்பதுதான் முழு வாசகம். மாடலைப் பொறுத்து எண் மாறலாம். ஆனால், 'எது முதலில்' என்ற வார்த்தை பெரும்பாலான கையேடுகளில் இருக்கும்.

நகரத்துக்குள் மட்டும் கொஞ்சமாக ஓடும் கார்களுக்கு, கவனிக்க வேண்டியது கிலோமீட்டரை அல்ல, காலண்டரை. ஏன்? பார்ப்போம்.

சிங்காநல்லூர் டூ டைடல் பார்க்: ஒரு சின்னக் கணக்கு

சிங்காநல்லூரில் வீடு, டைடல் பார்க்கில் வேலை. காமராஜர் சாலையைப் பிடித்து ஹோப் காலேஜ் வழியாகப் போனால், ஒரு நடைக்கு 6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். போக, வர 12 கி.மீ. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 264 கி.மீ. ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் 3,168 கி.மீ.தான்.

இந்தக் கணக்கில் 10,000 கி.மீ. வர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம் என்றால் ஐந்தாண்டைத் தாண்டிவிடும். அவ்வளவு நாளும் இன்ஜினுக்குள் கிடப்பது அதே ஆயில்.

'ஓடாத வண்டிக்கு ஆயில் எப்படிக் கெடும்?' என்பது நியாயமான கேள்விதான். அதற்கு, ஆயில் உள்ளே என்ன வேலை பார்க்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

இன்ஜின் ஆயிலின் ஐந்து வேலைகள்

டேக்கோமீட்டர் முள் 3,000 ஆர்.பி.எம்.மில் நிற்கும்போது, ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. இரும்பும் அலுமினியமும் இந்த வேகத்தில் நேரடியாக உரசினால் சில நிமிடங்களில் இன்ஜின் கதை முடிந்துவிடும். உரசாமல் காப்பது, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம்.

உராய்வைக் குறைப்பது முதல் வேலை. பிஸ்டன் பகுதியின் வெப்பத்தை இழுத்துக்கொண்டு வருவது இரண்டாவது. எரிபொருள் எரிந்ததில் வரும் கரியையும் தேய்மானத் துகள்களையும் சுமந்துபோய் ஃபில்டரில் சேர்ப்பது மூன்றாவது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான நுண்ணிய இடைவெளியை அடைப்பது நான்காவது. உள்பாகங்கள் துருப்பிடிக்காமல் காப்பது ஐந்தாவது.

இவ்வளவையும் வெறும் எண்ணெயால் செய்ய முடியாது. கேனில் வருவதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மீதி, அழுக்கு படியாமல் தடுப்பவை, அமிலத்தை முறிப்பவை, தேய்மானத்தைக் குறைப்பவை என்று பல ரசாயனச் சேர்மானங்கள். ஆயில் 'கெட்டுப்போச்சு' என்றால் பெரும்பாலும் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துவிட்டன என்று அர்த்தம்.

குறைவாக ஓடினால் ஆயில் ஏன் கெடுகிறது?

பலரும் கேள்விப்படாத ஒரு விஷயம்: ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால், கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. ஆவி வடிவத்தில்தான். பெரும்பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சரில் இருந்து சொட்டும் தண்ணீர் இதுதான். ஒரு சிறு பகுதி மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே, ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்குகிறது. கூடவே எரியாத பெட்ரோலும் கொஞ்சம்.

இன்ஜின் நன்றாகச் சூடேறி ஒரு மணி நேரம் ஓடினால் சிக்கலில்லை. சிங்காநல்லூரில் இருந்து திருச்சி சாலையில் பல்லடம், காங்கேயம் என்று ஒரே ஓட்டமாக ஓட்டினால், ஆயில் கொதிப்பேறி, தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறிவிடும்.

6 கி.மீ. ஓட்டத்தில் அது நடப்பதில்லை. டேஷ்போர்டில் தெரியும் டெம்பரேச்சர் முள் கூலண்டின் சூட்டைக் காட்டுகிறது, ஆயிலின் சூட்டை அல்ல. கூலண்ட் சில நிமிடங்களில் சூடாகிவிடும், ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். ஆயில் முழுச் சூட்டை எட்டும் முன்பே ஆபீஸ் பார்க்கிங் வந்துவிடுகிறது. ஆவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கிறது. மாலையில் மறுபடியும் இதே கதை.

ஈரத்தோடு மூடி வைத்த டிபன் பாக்ஸ் மாதிரிதான். பாக்ஸை அதிகம் பயன்படுத்தவில்லை, ஆனால் திறந்தால் வாடை வரும். ஈரமும் எரிபொருள் கழிவும் சேர்ந்து அமிலமாகின்றன. அதை முறிக்க முறிக்கச் சேர்மானங்கள் தீர்கின்றன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் காபி நுரை நிறத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால், பெரும்பாலும் இந்த ஈரத்தின் வேலை. நிறைய இருந்தால், அல்லது கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால், கூலண்ட் ஆயிலில் கலக்கிறதா என்று உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

குளிர் நாடுகளில் இந்த ஈரப் பிரச்சினை ரொம்பப் பெரிது. கோவையில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனால், நம்மூரில் அதனுடன் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொள்கின்றன: வெயிலும் சிக்னலும்.

சிக்னலில் நிற்கும் நேரம் ஓடோமீட்டரில் ஏறாது

சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது சக்கரம் சுற்றுவதில்லை. இன்ஜின் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஏசியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரம் எதுவும் கிலோமீட்டர் கணக்கில் சேர்வதில்லை.

சராசரியாக 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் 10,000 கி.மீ.யை 200 மணி நேரத்தில் முடித்துவிடும். டிராஃபிக்கில் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊரும் காருக்கு அதே தூரத்துக்கு 500 மணி நேரம் ஆகும். ஓடோமீட்டரில் இரண்டும் ஒன்றுதான். ஆயிலுக்கு இரண்டாவது கார் இரண்டரை மடங்கு வேலை நேரம்.

சூடும் முக்கியம். வெப்பம் ஏற ஏற எண்ணெய் காற்றோடு வினைபுரியும் வேகம் கூடும். பஜ்ஜிக் கடையில் காலையில் ஊற்றிய எண்ணெய் சாயங்காலம் கருத்து, கெட்டியாகி இருக்குமே, கிட்டத்தட்ட அதே வேதியியல்தான்.

கையேட்டில் நாம் புரட்டாத பக்கம்

இதெல்லாம் கார் நிறுவனங்களுக்குத் தெரியாததல்ல. பல கையேடுகளில் வழக்கமான சர்வீஸ் அட்டவணைக்குப் பின்னால் 'கடுமையான பயன்பாடு' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கும். அதன்படி ஆயில் மாற்றும் இடைவெளி குறையும். பல மாடல்களில் பாதியாகிவிடும்.

கடுமையான பயன்பாடு என்றதும் மலைப்பாதை, பாலைவனம் என்று நினைக்க வேண்டாம். ஹூண்டாய் கையேடுகளில் வரும் பட்டியலைப் பாருங்கள்: சாதாரண வெப்பநிலையில் 8 கி.மீ.க்கும் குறைவான தூரம் அடிக்கடி ஓட்டுவது, வண்டியை நிறுத்தி இன்ஜினை நீண்ட நேரம் ஓடவிடுவது, தூசி நிறைந்த சாலை, 32 டிகிரிக்கு மேல் வெயிலில் நெரிசலான போக்குவரத்து.

ஏப்ரல் மாதத்து மதியம் திருச்சி சாலையில் போகும் எந்த காரும் இந்தப் பட்டியலில் பாதியைத் தொட்டுவிடும். நாம் 'லேசா ஓட்டுற வண்டி' என்று நினைப்பதைத்தான் தயாரிப்பாளர் 'கடுமையான பயன்பாடு' என்கிறார்.

அதற்காக எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை. தினமும் சின்னத் தூரம், ஆனால் மாதம் இரண்டு மூன்று முறை நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை போதும். நெரிசலில் மட்டுமே ஓடும் கார் என்றால் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

'5,000க்கு ஒருக்கா மாத்திருங்க தம்பி' - மெக்கானிக் சொல்வது சரியா?

கோவைக்கு மோட்டார் வண்டி புதுசல்ல. சூலூர்ப் பக்கம் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு பொள்ளாச்சி - பழனி இடையே பஸ் ஓட்டத் தொடங்கியது 1920இல். அப்போதிருந்து கைமாறி வந்த பட்டறை அறிவு இந்த ஊருக்கு உண்டு. '5,000 கி.மீ.க்கு ஒருக்கா' என்பதும் அப்படி வந்த பழக்கம். அமெரிக்காவில் பல காலம் இருந்த '3,000 மைல்' பழக்கமும் கிட்டத்தட்ட இதே தூரம்தான், சுமார் 4,800 கி.மீ.

அந்தக் காலத்து வண்டிகளுக்கு அது சரிதான். கார்புரேட்டர் எரிபொருளைத் துல்லியமாக அளக்காது. மினரல் ஆயில் சீக்கிரம் தளர்ந்துவிடும். எரிபொருளிலும் கந்தகம் அதிகம், அது எரிந்தால் அமிலம். இன்று மூன்றுமே மாறிவிட்டன. எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. சிந்தெடிக் ஆயில் வந்தது. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பி.எஸ்.4இல் 50 பி.பி.எம். ஆக இருந்து, 2020 ஏப்ரலில் நாடு முழுக்க வந்த பி.எஸ்.6இல் 10 பி.பி.எம். ஆகக் குறைந்தது. 10,000 கி.மீ. இடைவெளி சாத்தியமானது இப்படித்தான்.

எனவே, ஹைவேயில் நிறைய ஓடும் புது காருக்கு 5,000 கி.மீ. என்பது அதிகப்படியான செலவு. ஊருக்குள்ளேயே சுற்றும் காருக்கு, அவர் சொல்லும் எண் கையேட்டின் 'கடுமையான பயன்பாடு' கணக்குக்கு அருகில் வந்துவிடுகிறது. "ஏனுங்ணா, எதுக்கு 5,000?" என்று கேட்டுப் பாருங்கள். "டவுனுக்குள்ளயே ஓடுற வண்டிங்க" என்று பதில் வந்தால் அதில் விஷயம் இருக்கிறது.

எந்த ஆயில்? '0டபிள்யூ-20' என்றால் என்ன?

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண், குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. சிறிய எண் என்றால் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான நிலையில் ஆயிலின் அடர்த்தியைக் குறிக்கிறது.

'நம்மூரு வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் தாங்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. பழைய வண்டிகளை வைத்து வந்த நம்பிக்கை அது. இன்றைய இன்ஜின்களின் உள் இடைவெளிகளும் ஆயில் பம்பும் மெல்லிய ஆயிலுக்கு ஏற்றபடி வடிவமைக்கப்பட்டவை. கையேட்டில் 0டபிள்யூ-20 என்றால் அதைத்தான் ஊற்ற வேண்டும். சில கையேடுகள் இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதிக்கும், அந்தப் பட்டியலுக்குள் தேர்ந்தெடுக்கலாம்.

கேனில் இன்னொரு குறியையும் பாருங்கள். ஏ.பி.ஐ. எஸ்.என்., எஸ்.பி. என்பவை பெட்ரோல் இன்ஜின் தரக் குறியீடுகள். இதில் எஸ்.பி. 2020 மே மாதம் அறிமுகமானது. மிச்சமான கார் ஆயிலை பைக்குக்கு ஊற்றும் யோசனை வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்ப்பவை அங்கே கிளட்சை வழுக்க வைத்துவிடும்.

டீசல் கார் வைத்திருக்கிறீர்களா? ஆயில் ஏறினாலும் ஆபத்து

பி.எஸ்.6 டீசல் கார்களில் டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. அதில் கரி சேர்ந்ததும் கார் தானாகவே அதைச் சூடேற்றி எரிக்கும். இதற்காகப் பல இன்ஜின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கின்றன. வண்டி 20 - 30 நிமிடம் தொடர்ந்து ஓடினால் வேலை முடியும். பாதியில் வீடு வந்து ஆஃப் செய்துவிட்டால் அடுத்த முறை மறுபடியும் தொடங்கும்.

அடிக்கடி இப்படி நடந்தால் கொஞ்சம் டீசல் ஆயிலுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கும். 'குறையாம இருக்கே, நல்லதுதானே' என்று விடக் கூடாது. நீர்த்துப்போன ஆயிலுக்குப் பாகங்களைக் காக்கும் சக்தி இல்லை. இந்த கார்களுக்குச் சாம்பல் குறைவாக வரும் தனி ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயில் டி.பி.எஃப்.பை நாளடைவில் அடைத்துவிடும்.

கருப்பானால் மாற்ற வேண்டுமா?

நிறத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. அழுக்கைச் சுமப்பது ஆயிலின் வேலை என்பதால் கருப்பது இயல்பு. டீசல் காரில் புது ஆயில்கூடச் சில நூறு கிலோமீட்டரில் கருத்துவிடும். தேன் நிறத்தில் இருந்தாலும் சேர்மானங்கள் தீர்ந்திருக்கலாம்.

பார்க்க வேண்டியது அளவை. மாதம் ஒருமுறை, வண்டியைச் சமமான தரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை ஆஃப் செய்து 5 முதல் 10 நிமிடம் காத்திருங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி எடுங்கள். இரண்டு குறிகளுக்கு இடையில் இருக்க வேண்டும். கீழ்க்குறிக்குக் குறைந்தால் அதே ரக ஆயிலை ஊற்றுங்கள். மேல்குறியைத் தாண்டினாலும் தப்பு, ஆயில் நுரைத்துவிடும்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கு வேறு விஷயம். பெரும்பாலான கார்களில் அது 'ஆயில் மாத்துங்க' என்ற நினைவூட்டல் அல்ல, ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்ற அபாய அறிவிப்பு. 'பக்கத்துலதான் வீடு' என்று ஓட்டினால் அந்த இரண்டு கிலோமீட்டரிலேயே இன்ஜின் சிக்கிக்கொள்ளலாம். ஓரம் கட்டி, ஆஃப் செய்துவிட்டு, உதவிக்கு அழைப்பதுதான் ஒரே வழி.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்?

தீர்ந்துபோன ஆயில் தார் மாதிரி கெட்டியாகி, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். முதலில் பாதிக்கப்படுவதில் ஒன்று டர்போ. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றுவது, மெல்லிய ஆயில் படலத்தின் மேல். ஆயிலும் ஃபில்டரும் சேர்த்து மாற்றச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்தால் அதைப் போலப் பல மடங்கு.

பணத்தைவிட முக்கியம், காகிதம். அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை விற்ற சில டொயோட்டா இன்ஜின்களில் இந்தக் கெட்டிக் கசடு பெரிய பிரச்சினையானது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் தொடர்பான விவகாரம், 2007இல் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. அங்கேயும் உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது, ஆயில் ஒழுங்காக மாற்றியதற்கான நியாயமான ஆதாரம்.

இங்கும் அதே நிலைதான். வாரன்டி கேட்டுப் போனால் சர்வீஸ் வரலாறு பார்ப்பார்கள். வெளிப் பட்டறையில் மாற்றினாலும், தேதி, கி.மீ., ஆயில் கிரேடு எழுதிய பில் வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இன்சூரன்ஸ் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கு. 'இன்ஜின் புரொடெக்ட்' கூடுதல் காப்பீடும் பெரும்பாலும் வெள்ளநீர் புகுந்தது, அடிபட்டு ஆயில் கசிந்தது போன்றவற்றுக்குத்தான். பராமரிக்காமல் விட்டதற்கு அல்ல.

கழற்றிய ஆயில் எங்கே போகிறது?

ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன காரில் இருந்து 3 முதல் 4 லிட்டர் கழிவு ஆயில் வெளியே வருகிறது. நிறைய இடங்களில் இதைச் சென்ட்ரிங் ஷீட்டில் தடவுகிறார்கள், கரையானுக்கு மரத்தில் பூசுகிறார்கள், மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். அதில் கன உலோகங்களும் புற்றுநோய் ஆபத்துள்ள ரசாயனங்களும் இருக்கின்றன. வெறுங்கையால் தொடுவதே நல்லதல்ல.

ஒரு கார் ஒருமுறை மாற்றும் ஆயில், 10 லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சிங்காநல்லூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. மாநகராட்சி பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்த குளம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தெருச் சாக்கடையில் விடுவது குளத்துக்கும் நொய்யலுக்கும் போக அதிக தூரமில்லை.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஆயில் ஓர் அபாயகரக் கழிவு. அதை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 2024 ஏப்ரலில் இருந்து ஆயில் உற்பத்தியாளர்களுக்கும் பொறுப்பு வந்துவிட்டது. விற்கும் ஆயிலில் ஒரு பங்கு மறுசுழற்சியாவதை அவர்கள் உறுதி செய்ய வேண்டும். முதல் ஆண்டு இலக்கு 5 சதவீதம், அது படிப்படியாக உயரும்.

நம் பங்குக்கு, "ஏனுங்ணா, பழைய ஆயிலை யாருக்குக் குடுக்கறீங்க?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். வீட்டிலேயே மாற்றுபவர்கள் பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, சேகரித்து அனுப்பும் பட்டறையில் கொடுக்கலாம். காலி கேனை அப்படியே பழைய இரும்புக் கடையில் போடாமல், ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள். போலி ஆயில் நிரப்பி மறுபடி கடைக்கு வராமல் இருக்க அது உதவும்.

சுருக்கமாக

- கடைசியாக ஆயில் மாற்றிய தேதியைப் பாருங்கள். 12 மாதம் ஆகிவிட்டதென்றால், எத்தனை கி.மீ. ஓடியிருந்தாலும் மாற்றுங்கள்.
- 8 கி.மீ.க்குக் குறைந்த ஓட்டமே அதிகம் என்றால் கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' பக்கத்தைப் பின்பற்றுங்கள்.
- மாதம் இரண்டு முறையாவது அரை மணி நேரம் தொடர்ச்சியாக, சிக்னல் இல்லாத சாலையில் ஓட்டுங்கள். டீசல் காருக்கு இது கட்டாயம்.
- ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும், டிரெய்ன் பிளக் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள்.
- கையேட்டில் உள்ள கிரேடு மட்டும். சீல் உடையாத கேன், கண் முன்னால் திறக்க வேண்டும்.
- அடுத்த தேதியை ஸ்டிக்கரில் மட்டும் எழுதாமல் போன் காலண்டரிலும் போட்டு வையுங்கள். கிலோமீட்டரை கார் எண்ணிக்கொள்ளும், மாதத்தை நாம்தான் எண்ண வேண்டும்.